தேர்தல் முடியும்வரை ஒளித்துவைக்க ஒரு மருமகள்

சேசு மரி சூசை

அன்பு மகனே,

இங்கே உன் பெரியம்மா சுகம், மாடு கன்று சுகம், நானும் சுகம். என் சுகத்தை இரண்டு தடவை வேண்டுமானாலும் எழுதுகிறேன், ஏனென்றால் கடலை பறிப்புக்கு ஒத்தாசையாக அக்கா வீட்டுக்கு வந்த நான் படுத்த படுக்கையாகிவிட்டேன் என்று திண்டுக்கல்லில் ஒரு செய்தி நடமாடுவதாகத் தெரிகிறது. இன்று மத்தியானம் உன் மனைவி பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு கையில் டிரங்குப் பெட்டியும் மறு கையில் ஆரஞ்சுப் பழமும் உன் கடை மருந்துப் பாட்டிலுமாக ஓட்டமும் நடையுமாக வந்தாள். சாகக் கிடக்க வேண்டிய நானோ தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு களத்தில் நிலக்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "அத்தை, உங்களுக்கு..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள், கடலையைப் பார்த்தாள், கூட வந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். கூட வந்தவர் உன் தேர்தல் வேலையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்கிற சைக்கிள் கடை சவரிமுத்து. அவர் அந்த நேரம் பார்த்து வேப்பமரத்தில் எதையோ தேட ஆரம்பித்தார்.

பாவம், அவரிடம் பொய் நிற்காது. ஒரு செம்பு மோர் உள்ளே போனதும் எல்லாம் வெளியே வந்துவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஓட்டுப் போட்டு முடியிற வரைக்கும் மருமக இங்கன இருக்கட்டும்னு தம்பி நினைக்கிது. அந்தப் பழைய கல்யாணச் சமாச்சாரத்த வார்டு பூராக் கிளப்பி விடுறாய்ங்க. ஆளு கண்ணுல படலன்னா பேச்சு அதுவா அமுங்கிப் போகும்ல?" என்றார். பிலோமி நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அழவில்லை. மருந்துப் பாட்டிலை மாடக்குழியில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். அந்தக் கணத்தில் உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் கிழியும்.

இப்போது சவரிமுத்து சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் தூங்குகிறார். மாலை பஸ்ஸுக்கு அவர் கிளம்புவதற்குள் இதை எழுதி முடித்து அவர் கையிலேயே கொடுத்துவிடப் போகிறேன். உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. அவர் வழியில் படித்தால் படிக்கட்டும். உன் கடையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு உனக்கு யோசனை சொல்கிற பெரியவர்களும் படிக்கட்டும். இதில் இருப்பது எதுவும் மறைக்க வேண்டிய விஷயமில்லை. மறைத்ததால் நம் வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

உனக்கு இந்த வீடு ஞாபகம் இருக்கும். உன் அப்பா நகரசபைத் தேர்தலில் நின்ற வருடம் உனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போதே உன்னையும் என்னையும் வண்டி ஏற்றி இங்கே அனுப்பிவைத்தார். பெரியம்மா கொடுத்த கம்பங்கூழும், பனங்கொட்டையில் நீ செய்த வண்டியும், கிணற்றில் விழுந்து விழுந்து நீச்சல் பழகியதும் உனக்குக் கொண்டாட்டம். இன்றைக்கும் உன் சிநேகிதர்களிடம் "அப்பா எலெக்சன்ல நின்னப்ப எனக்கு லீவு விட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அது லீவு இல்லை ராசா. இப்போது நீ பிலோமியை அனுப்பியிருக்கிறாயே, அதே காரணத்துக்காக, அதே வீட்டுக்கு, என்னை அனுப்பிவைத்தார்கள். அன்று நான் ஏன் வந்தேன் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் கன்னியர் மடத்தில் பயிற்சியில் இருந்தவள். "அம்மா மடத்துல படிச்சவங்க" என்று மட்டும் உனக்குத் தெரியும். படிக்கப் போகவில்லை, கன்னியராகத்தான் போனேன். முடியைக் கத்தரித்து முக்காடு போட்டு, சாமிக்கு வார்த்தைப்பாடு கொடுக்கச் சில மாதங்களே இருந்தபோது, இது எனக்கான இடம் இல்லை என்று மனதுக்குத் தெளிவாகத் தெரிந்தது. யாரோடும் சண்டை இல்லை, யார்மேலும் காதல் இல்லை. பெரிய கன்னியரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர்கள் திட்டவில்லை. தலையில் சிலுவை வரைந்து, "இனி உனக்கு முடி வளருமே" என்று ஒரு சீப்பை எடுத்துக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தச் சீப்பில்தான் உனக்குப் பத்து வயதுவரை வகிடு எடுத்துவிட்டேன். கடவுள் வீட்டில் இவ்வளவு மரியாதையாக முடிந்த காரியத்தை ஊர் விடவில்லை. "மடத்த விட்டு ஓடியாந்தவ", "சாமிக்குக் குடுத்ததத் திருப்பி வாங்குனவ" என்று பேசினார்கள். இன்னும் சில சொன்னார்கள். ஒரு தாய் மகனுக்கு எழுதக்கூடாதவை அவை.

உன் அப்பா எல்லாம் தெரிந்துதான் கேட்டு வந்தார். நம் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் எங்கள் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் வாசிக்க, கோயில் நிறைய ஜனம். முதல் ஞாயிறு யாரோ இருமினார்கள். எனக்கு உயிரே போய் வந்தது. இருமல்தான், வேறொன்றும் இல்லை. மூன்றாவது ஞாயிறும் முடிந்து வெளியே வந்தபோது உன் அப்பா என்னிடம், "கேக்க வேண்டிய எடத்துல கேட்டாச்சு, சொல்ல வேண்டியவன் எவனும் சொல்லல. இனிமே எவன் பேசுனாலும் அது காத்துல போற பேச்சு" என்றார். தோல் பதனிடுகிற ஷாப்பில் மேஸ்திரி வேலை பார்த்த மனிதர், பேச்சில் வளைவு நெளிவு கிடையாது. அந்த வார்த்தையில் நான் பத்து வருடத்துக்கு மேல் தலை நிமிர்ந்து நடந்தேன்.

பிறகு அவருக்கு ஓட்டு வேண்டியிருந்தது. நம் தெருவுக்குக் குழாய் கொண்டுவருவேன் என்று சொல்லித்தான் நின்றார். அப்போது நம் தெருப் பெண்கள் மலைக்கோட்டை அடிவாரத்துக் கிணற்றுக்குப் போய்த்தான் நல்ல தண்ணீர் எடுப்போம், நானும் எடுத்தேன். எதிர்த்து நின்றவரின் ஆட்கள் டீக்கடையில் என் பேச்சை எடுத்தார்கள். உடனே உன் அப்பாவுக்கும் நாலு யோசனைக்காரர்கள் முளைத்தார்கள். ஒருநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "செத்த நாளைக்கு ஒங்க அக்கா வீட்ல போய் இருந்துட்டு வாயேன்" என்றார். தெருவில் கேட்டவர்களுக்கு "அக்காளுக்குச் சுகமில்ல" என்று சொல்லிக்கொண்டார்கள். பொய்கூடப் புதிதாக யோசிக்கவில்லை நீ, அப்பன் சொன்னதையே சொல்லியிருக்கிறாய்.

அவர் ஜெயித்தார். மாலையும் கழுத்துமாக ஜட்கா வண்டியில் ஊர்வலம் போனாராம். நான் திரும்பி வந்தபோது வீட்டில் வாடின மாலைதான் இருந்தது. அது போகட்டும், மாலைக்கு நான் ஏங்கவில்லை. அடுத்து நடந்ததைக் கேள். குழாய் எந்தெந்தத் தெருவுக்கு என்று சபையில் பேச்சு வந்த அன்று, நம் தெருவுக்கு வேண்டும் என்று உன் அப்பா எழுந்தாராம். குழாயைத் தன் தெருவுக்குக் கொண்டுபோக நினைத்த இன்னொரு கவுன்சிலர், சத்தமே போடாமல், சிரித்த முகத்தோடு, "என்ன மேஸ்திரி, ஊருக்குப் போன வீட்டுக்காரம்மா வந்துட்டாங்களா? அவங்க அக்காளுக்குத் தேவலையா?" என்று கேட்டாராம். அவ்வளவுதான். வேறு ஒரு சொல் கிடையாது. உன் அப்பா உட்கார்ந்துவிட்டார். குழாய் அடுத்த தெருவுக்குப் போனது. அதற்குப் பிறகு எப்போதெல்லாம் அவர் எழுந்தாரோ அப்போதெல்லாம் அந்த மனிதர் என் அக்காளின் உடல்நிலையை அக்கறையாக விசாரித்தார்.

இதை அவர் என்னிடம் சொன்னது ரொம்பக் காலம் கழித்து, பதவியெல்லாம் போய், நம் தெருவுக்கு வேறு யாரோ குழாய் கொண்டுவந்த பிறகு. குழாயடியில் நான் குடத்தை வைத்துவிட்டு நிற்கிறேன், அவர் வேலை விட்டு வருகிறார். தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டு நின்று, "உன்னய ஒளிச்சு வச்சேன்ல, அதான் அவன் புடிச்ச கயிறு. நீ மடத்துல இருந்தத அவன் ஒரு நாளும் சொல்லல. நான் வெக்கப்பட்டதத்தான் சொல்லிக் காட்டுனான்" என்றார். உன் அப்பா நல்லவர். ஆனால் அந்தப் பதவிக்காலம் முழுக்க அவர் ஊருக்குக் கவுன்சிலராக இல்லை, அந்த ஒரு கேள்விக்குப் பயந்தவராக மட்டும் இருந்தார். நம் தெருப் பெண்கள் அத்தனை வருடம் கூடுதலாகக் குடம் சுமந்தது அதனால்தான். அது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"பெண்டாட்டியின் பழைய கதைக்கும் அரசியலுக்கும் என்னம்மா சம்பந்தம்" என்று நீ கேட்கலாம். அப்படிக் கேட்டு ஜனங்களின் வாயை அடைக்கப் பார்க்காதே. சம்பந்தம் உண்டு. ஓட்டுப் போடுகிறவள் விடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உன் வாசலுக்குத்தான் வருவாள். நீ பாதி நேரம் வீட்டில் இருக்க மாட்டாய். கதவைத் திறப்பவள் உன் மனைவி. அவள் எப்படிப்பட்டவள், வந்தவர்களை உட்காரச் சொல்வாளா, விரட்டுவாளா, கேட்டதைக் கேட்டபடி சொல்வாளா என்று பார்க்க ஜனங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்கட்டும். கேட்டால் பகலில், நடுத்தெருவில், முகத்தைப் பார்த்துப் பதில் சொல். அவள் யாருக்குக் கெடுதல் செய்தாள் என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. அவள் தன் வாழ்க்கையைத் தானே ஏன் தீர்மானித்தாள் என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு நீ கூச வேண்டியதில்லை, கேட்டவர்தான் கூச வேண்டும்.

பிலோமி செய்தது என்ன? உனக்கு முன்னால் அவளைப் பூட்டுக்கடை வீட்டு மூத்த பையனுக்கு நிச்சயம் செய்தார்கள். வாத்தியார் பயிற்சியை முடித்துவிட்டுத்தான் கல்யாணம் என்று அவள் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள், சித்தப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள். பொண்ணு அப்படித்தான் சொல்லும் என்று சிரித்தார்கள். பீடத்துக்கு முன்னால் நிறுத்தி, இவரைக் கணவராக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று சாமியார் கேட்டபோது, "சம்மதமில்ல சாமி" என்றாள். காது கேட்கவில்லையோ என்று அவர் மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னாள். நானும் அன்று கோயிலில் இருந்தேன். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. நாமெல்லாம் அந்தக் கேள்வியைச் சடங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதற்கு இரண்டு பதில் உண்டு என்று எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

நீ அவளைக் கட்டுகிறேன் என்று வந்து நின்றபோது நானே தயங்கினேன். அப்போது நீ சொன்னாய்: "ஊரு பூரா அவ இல்லைன்னு சொன்னதப் பேசுது. எனக்கு அதுதாம்மா புடிச்சிருக்கு. இல்லைன்னு சொல்லத் தெரிஞ்சவ எனக்குச் சரின்னு சொன்னா, அது எம்புட்டுப் பெரிய விஷயம்." அன்று உன்னைப் பெற்றதற்குச் சந்தோஷப்பட்டேன். அந்த வாயால் சவரிமுத்துவிடம் "கண்ணில் படாமல் இருக்கட்டும்" என்று எப்படியப்பா சொன்னாய்? கல்யாணத்துக்குப் பெருமையாக இருந்த சங்கதி ஓட்டுக்கு மட்டும் எப்படி அவமானமாகிப் போகும்?

அவள் செய்ததில் யாருக்கும் காயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பூட்டுக்கடை வீட்டில் அன்று பிரியாணி தேக்சா தேக்சாவாக வெந்து கிடந்தது. அந்தப் பையன் மாலையைக் கழற்றத் தோன்றாமல் நின்ற நிலையை நான் பார்த்தேன். அவன் அம்மா வெகுகாலம் நம் கோயிலுக்கு வரவில்லை, தாடிக்கொம்பு ரோட்டில் இருக்கிற சின்னக் கோயிலுக்குப் போய்த்தான் பூசை கண்டார்கள். அவனுக்கு இப்போது வேறு இடத்தில் கல்யாணமாகிக் குழந்தைகளும் இருக்கின்றன. ஆனாலும் அந்த அம்மா உன் மனைவியைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்கள். இதுதான் நீ பதில் சொல்ல வேண்டிய இடம். வார்டு பூராப் பேசுகிற பேச்சுக்குப் பயந்தாயே தவிர, உண்மையிலேயே மனம் நொந்த அந்த ஒரு வீட்டுக்கு நீயும் போகவில்லை, அவளையும் அழைத்துப் போகவில்லை. அவர்கள் ஓட்டுக்காகப் போகச் சொல்லவில்லை. போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

இன்னொன்றும் சவரிமுத்து வாயிலிருந்து வந்தது. "அவிங்க மட்டும் யோக்கியமா? எதிராளி வீட்டம்மா கதை நம்மகிட்டயும் இருக்கும்மா, நோட்டீசு போட்டா நாறிப் போகும்" என்றார். என்ன கதை என்று கேட்டேன். இரண்டு சொன்னார். ஒன்று, அந்தப் பெண் சின்ன வயதில் யாரோடோ சினிமாவுக்குப் போனதாக. அதை அடுப்பில் போடு. இன்னொன்று, போன பஞ்சத்தில் தண்ணீருக்கு வந்த சக்கிலியத் தெருப் பெண்களை அவள் கிணற்றடியிலிருந்து விரட்டினாள், புருஷன் பார்த்துக்கொண்டு நின்றான் என்று. அது உண்மையென்றால் கேட்க வேண்டிய கேள்வி. தண்ணீர் தருகிறேன் என்று ஓட்டுக் கேட்கிறவர் அன்று ஏன் சும்மா நின்றார் என்று அவரைக் கேள், மேடையில், உன் பெயரைச் சொல்லிக் கேள். பெயரில்லாத நோட்டீசில் அந்தப் பெண்ணைக் கேட்காதே. அதைக் கேட்கும் முன் நம் வீட்டுத் தண்ணீர்ப் பானைக்கு அந்தத் தெருவிலிருந்து யார் வந்தாலும் மொண்டு குடிக்கலாம் என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள். பிலோமி வந்த பிறகு அப்படித்தான் இருக்கிறது. அவளை அனுப்பிவிட்டு யாரை வைத்து நீ அதைச் சொல்வாய்?

சற்று முன் அவளும் நானும் கடலையைக் குவித்து அள்ளினோம். கடைசிச் சாக்கின் வாயைக் கட்டினோம். பிறகு, "என்னம்மா செய்யப் போறே?" என்று கேட்டேன்.

"ஒளிய மாட்டேன் அத்தை" என்றாள். "எங்கப்பா ஊருக்கும் போக மாட்டேன், இங்கயும் இருக்க மாட்டேன். நான் வேணாம்னா அவரு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும். அன்னைக்கு நான் அந்த மனுசனுக்கு நேருக்கு நேராத்தான சொன்னேன்? இவரு சைக்கிள் கடைக்காரர்ட்ட சொல்லி அனுப்புறாரு."

இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் சொல்.

"பூட்டுக்கடை அம்மாவப் பாக்க வாரியா?" என்றேன்.

"எப்பவோ போயிருக்கணும். தனியாப் போகத்தான் பயமா இருந்துச்சு. நான் சொன்னது சொன்னதுதான் அத்தை, அதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். ஆனா அவங்கள அம்புட்டு ஜனத்துக்கு முன்னாடி அழ வச்சதுக்குக் கேக்கணும்" என்றாள். என் காலத்தில் இப்படிப் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரிந்திருந்தால் நான் அன்று வண்டி ஏறியிருக்க மாட்டேன்.

ஆகவே முடிவைச் சொல்கிறேன். உன் பெரியம்மாவிடமும் சொல்லியாயிற்று, அவள் எங்களோடு கொடுத்தனுப்பக் கோழியைப் பிடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானும் பிலோமியும் திண்டுக்கல் வருகிறோம். பஸ் ஸ்டாண்டில் நீ நிற்க வேண்டும். சவரிமுத்துவை அனுப்பாதே. டிரங்குப் பெட்டியை நீதான் வாங்கித் தூக்க வேண்டும், கடைவீதி வழியாகத்தான் நடக்க வேண்டும், குறுக்குச் சந்தில் திரும்பக் கூடாது. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். வீட்டுக்குப் போகும் முன்னால் மூன்று பேருமாகப் பூட்டுக்கடை வீட்டுக்குப் போகிறோம். அவர்கள் கதவைத் திறந்தால் உள்ளே போவோம், திறக்காவிட்டால் செத்த நேரம் வாசலில் நிற்போம். அதன் பிறகு ஒவ்வொரு வீடாக அவளையும் கூட்டிக்கொண்டு ஓட்டுக் கேள். தோற்றால் தோற்றுப் போ. ஜெயித்து உட்கார்ந்தவரோடு நான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், அதைவிடத் தோற்று நிற்கிறவனுக்குச் சோறு போடுவது எனக்குச் சுலபம்.

நீ பஸ் ஸ்டாண்டில் இல்லாவிட்டால் நாங்கள் தேட மாட்டோம், காத்திருக்கவும் மாட்டோம். பெட்டியை நான் தூக்கிக்கொண்டு நாங்கள் இருவருமே அந்த வீட்டு வாசலுக்குப் போவோம். வழியில் நாலு பேர் கூடுவார்கள், கேட்பார்கள். உன் புருஷன் ஓட்டுக் கேட்டு நிற்கிறானே, அவனுக்குப் போடலாமா, உனக்குச் சம்மதமா என்று அவளையே கேட்டாலும் கேட்பார்கள். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி சொல்வாள் என்பது மட்டும் தெரியும்.

பஸ் எட்டு மணிக்கு வந்து சேரும்.

உன் அம்மா